வெறும் பீடத்தின் முன்னால் வாசிப்பது பற்றி

பிள்ளை தர்ஷினி,

போனில் நீ கேட்ட கேள்விக்கு "யோசிச்சுச் சொல்லுறன்" என்று சொல்லிவிட்டு வைத்தேன். யோசித்துவிட்டேன். வாயால் சொன்னால் பாதியில் நின்றுவிடுவேன் என்பது உனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன். யாழ்ப்பாணத்தில் கணிதம் படிப்பித்த நாளிலிருந்து, இன்றைக்கு என்ன செய்யப்போகிறோம் என்று கரும்பலகையில் எழுதாமல் எனக்கு எதையும் தொடங்க வராது. ஆகவே முதலில் பட்டியல்.

1. உன் கேள்விக்கு ஏன் உடனே பதில் சொல்லவில்லை.
2. மருமகன் ரெனாத்தோவின் தொழில், நான் விளங்கிக்கொண்ட அளவில்.
3. எங்களால் அவருக்கு ஏற்பட்ட நட்டம்.
4. முதலாவது வருட ஆட்டைத் திவசம் முடியும்வரை நீ மேடையேறக் கூடாது என்பதற்கான காரணங்கள்.
5. அம்மா எழுதச் சொன்னவை.

அம்மா இதைத் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "பிள்ளை புருசனைப் பறிகுடுத்திட்டு இருக்கிறாள். நீங்கள் அவளுக்கு நோட்ஸ் குடுக்கிறியளோ?" என்றார். எனக்கும் வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் பட்டியலைக் கிழித்தால் கடிதமும் எழுத வராது. அப்படியே விட்டுவிட்டேன்.

முதலாவது. உன் கேள்வியைச் சரியாக விளங்கிக்கொண்டேனா என்று பார்க்க அதைத் திருப்பி எழுதுகிறேன். ரெனாத்தோ இறந்த எட்டாவது மாதத்தில், பாட்டாலேயே நாடகம் போடும் ஒப்பெரா அரங்கில் அவர் நடத்திய வாத்தியக்குழு அவர் நினைவாக ஒரு கச்சேரி வைக்கிறது. அன்றைக்கு முன்னால் நின்று கைகாட்டும் நடத்துநர் என்று ஒருவரும் நிற்கமாட்டார்கள். அவர் நின்ற பீடத்தை வெறுமையாக விட்டு, சுற்றியிருந்து வாசிப்பார்கள். வயலினைவிடச் சற்றுப் பெரிய வியோலாவை வாசிப்பவர்களின் முதல் கதிரையில், உன்னுடைய பழைய இடத்தில், உன்னை வந்து இருக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். செத்தவீட்டுக்குப் பிறகு நீ வியோலாப் பெட்டியைத் திறக்கவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லவேண்டும். "அப்பா, நான் போறதோ விடுறதோ, நீங்கள் சொல்லுங்கோ. எனக்கு யோசிக்க ஏலாமல் கிடக்கு" என்றாய். இந்தக் கச்சேரியையும் விட்டால் நீ அந்தப் பெட்டியை இனித் திறக்கவே மாட்டாய் என்று எனக்கு ஒரு பயம். போனால் அத்தனை பேருக்கு முன்னால் உடைந்துபோவாய் என்று இன்னொரு பயம். இரண்டு பயத்துக்கும் நடுவில் போனை வைத்தேன். என் வாழ்க்கையில் பெரிய முடிவு எதையும் நான் எடுத்தவன் இல்லை. கொழும்பிலிருந்து கனடாவுக்கு வெளிக்கிடும் முடிவைக்கூட அம்மாதான் எடுத்தார். நான் பெட்டிகளில் பெயர் எழுதினேன்.

இரண்டாவது. உனக்குத் தெரிந்ததையும் ஒழுங்குக்காக எழுதுகிறேன். உனக்குத் தெரியாத சிலதும் இருக்கும். நீ ஒத்திகைக்குப் போன ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் எங்கள் டோர்செட் பார்க் வீட்டுக்கு வந்து, நண்டுக் கறியும் சோறும் கையால் சாப்பிட்டுக்கொண்டு நிறையக் கதைத்திருக்கிறார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை நான் எங்கள் தமிழில் எழுதுகிறேன். என் காதில் அது எப்போதும் அப்படித்தான் விழுந்தது.

வட இத்தாலியில், பெரிய ஆற்றுச் சமவெளியில், குளிர்காலத்தில் முன்வீடு தெரியாத அளவுக்கு மூடுபனி இறங்கும் ஒரு சின்ன ஊரில் பிறந்தவர். தகப்பன் சைக்கிள் திருத்துகிறவர், ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் பாண்டில் குழல் ஊதுகிறவர். சங்கீதக் கல்லூரியில் பியானோ படித்தார். கெட்டிக்காரர் என்று ஒருவரும் சொல்லவில்லை என்று அவரே சொன்னார். படிப்பு முடிந்ததும் கிடைத்த வேலை, ஒப்பெராவில் சொல்லெடுத்துக் கொடுப்பவர் வேலை. மேடையின் முன்விளிம்பில் ஒரு சிறிய பெட்டி இருக்குமாம். சபைக்கு அதன் முதுகு மட்டும்தான் தெரியும். அதற்குள் குந்தியிருந்து, பாடகர் அடுத்துப் பாடவேண்டிய சொல்லை, அவர் பாடுவதற்குச் சற்று முன் சொல்லிக்கொடுக்கவேண்டும். முழு ஒப்பெராவுக்கும், எல்லாப் பாத்திரங்களுக்கும்.

"மாமா, நாலு வருசம் எனக்கு உலகம் எண்டால் சப்பாத்துத்தான்" என்றார். "இளவரசி வந்தாலும் முதல்லை அவவின்ரை சப்பாத்துத்தான் வரும். தடிச்ச பாட்டுக்காரர் கிட்ட வந்து பாடினால் துப்பல் மழை."

"சாப்பிடேக்கை கதைக்கிற கதையே தம்பி உது?" என்றார் அம்மா.

"மாமி, அந்த மழையிலைதான் நான் முளைச்சனான்" என்று சொல்லிவிட்டு நண்டுக் காலைக் கடித்தார்.

முளைத்தது இப்படி. ஒரு நாள் நடத்துநருக்குக் கடும் காய்ச்சல். சபை வந்து இருந்துவிட்டது. அந்த ஒப்பெரா முழுவதையும் மனப்பாடமாக அறிந்த ஒரே ஆள் பெட்டிக்குள் குந்தியிருந்தவர்தான். ஏறி வரச் சொன்னார்கள். இரவல் கோட்டின் கை நீளமாக இருந்ததால் அதை மடித்துக் குண்டூசி குத்தினார்களாம். அன்றைக்குத்தான் முதல்முறை பாடகர்களின் முகங்களைப் பார்த்தேன் என்றார். அதற்குப் பிறகு பத்து, பன்னிரண்டு வருடம் சின்னச் சின்ன நகரங்கள். ஓர் ஊரில் ட்ரம்பெட் ஊதுபவர் பொலிஸ்காரராம். ஊரில் கலவரம் என்றால் ஒத்திகைக்கு வரமாட்டாராம். ரெயிலில் சாப்பிட்டு, ரெயிலில் நித்திரை கொண்டு, பாடகருக்குத் தொண்டை கட்டினால் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, ஒவ்வொரு வருடமும் முந்தியதைவிடச் சற்றுப் பெரிய அரங்குக்குப் போனார்.

இந்தத் தொழிலைப் பற்றி எனக்கு ஆரம்பத்தில் ஒன்றுமே விளங்கவில்லை. நீ அவரை எங்களுக்கு அறிமுகப்படுத்துவதற்கு முன், அவர் நடத்திய ஒப்பெராவுக்கு எங்களைக் கூட்டிக்கொண்டு போனாய். "உவர் தடியை ஆட்டாட்டிலும் அவை வாசிப்பினம்போலை கிடக்கு. உதுக்கோ சம்பளம்?" என்று அம்மா என் காதில் கேட்டார். பழக்கதோஷத்தில் மடியில் தாளம் போட்டுக்கொண்டு, அவருடைய கையைக் கவனித்தேன். இங்கே வந்து இயந்திரப் பாகங்கள் பரிசோதிக்கும் தொழிற்சாலையில் இருபது வருடம் வேலை செய்தவனுக்குப் பிழை கண்ணில் படாமல் போகாது. அவருடைய கை எப்போதும் சத்தத்துக்குச் சற்று முன்னால் விழுந்தது. என்னுடைய கை சத்தத்தோடு விழுந்தது. இதை உனக்கு மட்டும், மெதுவாக, "அவரிட்டைச் சொல்லிப்போடாதை" என்று சொன்னேன். நீ அவரிடமே போய்ச் சொன்னாய். அவர் முதல்முறை எங்கள் வீட்டுக்கு வந்து செருப்புக் கழற்றியதும் அதைத்தான் கேட்டார்.

"நீங்கள்தானே மாமா பிழை பிடிச்சது?"

நான் கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னேன்.

"அது பிழை இல்லை. அதுதான் வேலை. தாளக்காரர் நடந்ததைக் கணக்கெடுக்கிறார். நான் நடக்கப்போறதைச் சொல்லவேணும். பெட்டிக்குள்ளை இருந்து செய்ததைத்தான் இப்ப நிண்டுகொண்டு செய்யிறன்."

அன்றிலிருந்து எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. ஆனால் இனி அவருடைய தொழிலில் பிழை கண்டால் வாயைத் திறப்பதில்லை என்றும் முடிவெடுத்தேன். இதை ஏன் சொல்கிறேன் என்பது பிறகு விளங்கும்.

உங்கள் கல்யாணத்தில் அவர் தாலி கட்டும்போது முதல் முடிச்சு நழுவியதை நீ கவனித்திருப்பாய். பயத்தில் என்று எல்லோரும் சிரித்தார்கள். காரணம் வேறு. மேளம் கொட்டிய நேரம் உன் மச்சான்மார் பின்னாலிருந்து பலமாக விசில் அடித்தார்கள். அவருடைய முகம் வெளுத்துப்போனது. கன நாளைக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அதற்கு விளக்கம் சொன்னார். இத்தாலியில் எல்லாரும் ஆசைப்படும் பெரிய அரங்கு ஒன்றில், நாற்பது வயதுக்குக் கிட்ட, அவருக்கு ஒரு சந்தர்ப்பம் கிடைத்தது. அங்கே மேல்மாடியின் கடைசித் தட்டில் மலிவான இடங்களில் நிற்பவர்கள் ஒவ்வொரு பாட்டையும் வரிக்கு வரி அறிந்தவர்களாம். பிடிக்காவிட்டால் விசில் அடிப்பார்கள். அன்றைக்குப் பாடகரின் குரல் ஓரிடத்தில் உடைந்தது. குரலுக்கு இடம் கொடாமல் வேகமாகப் போனது நடத்துநர்தான் என்று அவர்கள் தீர்த்துவிட்டார்கள். கடைசியில் ரெனாத்தோ தனியே வந்து சபைக்குக் குனிந்து வணங்கியபோது முழு மேல்மாடியும் விசில்.

"விசில் அடிச்சால் நல்லதெல்லே தம்பி?" என்றார் அம்மா. "எங்கடை ஆக்கள் சந்தோசம் வந்தாலெல்லோ விசில் அடிக்கிறது."

அவர் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். "மாமி, நான் உங்கடை ஊரிலை பிறந்திருக்கவேணும்" என்றார். "தாலி கட்டேக்கை நினைச்சன், இங்கையும் வந்திட்டினம், என்னைத் துரத்தப்போகினம் எண்டு." அன்றைக்கு உண்மையில் வேகமாகத்தான் போனீர்களா என்று நான் கேட்கவில்லை. அவராகவே, எழும்பிக் கை கழுவப் போகும்போது, "கொஞ்சம் வேகம்தான் மாமா" என்றார்.

மூன்றாவது. அந்த விசிலுக்குப் பிறகு பெரிய இடங்களிலிருந்து அழைப்பு குறைந்தது. ஒரேயொரு ஒப்பெராவுக்கென்று ரொறன்ரோவுக்கு வந்தார். அந்தக் குழுவில் நீ இருந்தாய். திரும்பிப் போய்க் கொஞ்ச வருடம் பொறுத்து, கண்ட கண்ட ஆட்களோடு சிரித்துப் பேசி, வந்த வேலையெல்லாம் செய்திருந்தால் பழைய பாதைக்கு ஏறியிருப்பார் என்று அவருடைய கூட்டாளிகள் உன் கல்யாணத்திலேயே சொன்னதை நான் கேட்டேன். அவர் ஏறவில்லை. இங்கே இருந்துவிட்டார். வருடத்துக்கு ஒரு ஒப்பெரா உங்கள் அரங்கில், பிறகு மாணவர்களின் ஒப்பெராக்கள், பிறகு பக்கத்து ஊரான ஒஷாவாவில் பொழுதுபோக்காக வாசிப்பவர்களின் குழு. எங்கள் வீட்டுச் சோறு ஒரு பெரிய நடத்துநரைச் சாப்பிட்டுவிட்டது என்று நான் பல வருடம் மனதுக்குள் கணக்குப் போட்டிருக்கிறேன்.

ஒரு பின்னேரம் ஒஷாவா ஒத்திகைக்கு என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு போனார். நெடுஞ்சாலையில் லொறிகளுக்கு நடுவில், அவர் என் முகத்தைப் பார்க்க முடியாத இடத்தில், எனக்குத் துணிவு வந்தது.

"தம்பி, உங்களுக்கு இஞ்சை நட்டம்தானே?"

"எதிலை மாமா?"

"தொழில்லை. நீங்கள் எங்கையோ போயிருக்கவேண்டிய ஆள்."

ஒரு லொறியைக் கடந்துவிட்டுச் சொன்னார்: "அந்தப் பெரிய அரங்கிலை, நான் எப்ப பிழை விடுவன் எண்டு பாத்துக்கொண்டிருந்தவை. ஒஷாவாவிலை கொம்பு ஊதிறவர் ஒரு பல் டொக்டர். தான் பிழை விடப்போறன் எண்டு அவருக்கு முதலே தெரியும். பயந்துபோய் என்னைப் பாப்பார். நான் அந்த நேரம் அவரைப் பாக்கவேணும். பாத்தால் பாதி நாள் சரியா வருது."

"மற்றப் பாதி?"

"மற்றப் பாதி கொம்பிலை மாடு கத்தும்."

இருவரும் சிரித்தோம். பிறகு, கார் நின்ற பிறகு, கதவைத் திறக்காமல் இருந்து சொன்னார்: "ஆனால் நட்டம் இல்லையெண்டு உங்களுக்குப் பொய் சொல்லமாட்டன். சில பின்னேரங்களிலை அந்த அரங்கின்ரை மணம் வரும். பழைய வெல்வெட், தூசி, மரம். தர்ஷினிக்குச் சொல்லாதையுங்கோ, அவ தன்னைக் குற்றம் சொல்லுவா." நான் இதுவரை சொல்லவில்லை. இப்போது சொல்வது சரியா என்று இரண்டு நாள் யோசித்தேன். உன்னோடு சந்தோசமாக இருந்தார். அந்த மணமும் அவருக்கு வந்தது. இரண்டில் ஒன்றை மறைத்தால் நீ பாதி மனிதருக்குத்தான் அழுவாய். குற்றம் மட்டும் உன்னுடையது இல்லை, பிள்ளை. அவர் இங்கே நின்றது யாரும் பிடித்து வைத்ததால் அல்ல.

இனி எழுதுவது பட்டியலில் இல்லை. ஆனால் இதை எழுதாமல் நான்காவதுக்குப் போக முடியவில்லை. அவர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்த கடைசி நாட்களில் பகல் முறை என்னுடையது, மாலையில் நீ வருவாய். உன் சிநேகிதி ஒருத்தி பாட்டுக் கேட்கும் சின்னப் பெட்டி ஒன்று கொண்டுவந்து வைத்தாள். அவர் அதை நிறுத்தச் சொன்னார். இசை கேட்டால் வேலை செய்யவேண்டிவருகிறது, களைப்பாக இருக்கிறது என்றார். "நீங்கள் கையிலை வைச்சிருக்கிற பேப்பரை வாசியுங்கோ மாமா. தமிழிலை. எனக்கு விளங்காததுதான் வேணும்." அது தமிழ்க் கடையில் வாசலில் இலவசமாக அடுக்கிவைத்திருக்கும் பத்திரிகை. எங்கள் பத்திரிகைகளில் எது கூடுதலாக இருக்கும் என்று உனக்குத் தெரியும்தானே. நான் முன்பக்கத்தை வாசித்தேன், இலங்கைச் செய்தி வாசித்தேன், அது சீக்கிரம் முடிந்துவிட்டது. மிச்சம் முழுக்க மரண அறிவித்தல். நிறுத்தினால் கண்ணைத் திறந்து பார்த்தார். அதனால் அவற்றையே வாசித்தேன். யாழ்ப்பாணம் இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும், கனடா ஸ்காபரோவை வதிவிடமாகவும் கொண்ட இன்னார், இன்ன திகதியில் இறைபதம் அடைந்தார். அன்னார் இன்னாரின் அன்புக் கணவரும், இன்னாரின் பாசமிகு தந்தையும் ஆவார்.

மூன்றாவது நாள் கேட்டார்: "மாமா, இது எல்லாம் ஏன் ஒரே மாதிரித் தொடங்குது? ஒரே இடத்திலை ஏறி ஒரே இடத்திலை இறங்குது."

"அது வந்து, தம்பி, குடும்பங்களைப் பற்றின அறிவித்தல்" என்றேன்.

"நல்ல குடும்பங்கள்" என்றார். "ஆக்கள் நிறைய இருக்கினம்." பெயர்களின் வரிசை நீளமாகும்போது அவருடைய மூச்சு அதோடு சேர்ந்து நீளமானதை நான் கண்டேன். அவருக்கு அந்த இடம்தான் பிடித்திருந்தது, மருமக்களும் பேரப்பிள்ளைகளும் ஒருவர் பின் ஒருவராக வரும் இடம். தினமும் அதைக் கேட்டார். பொய் சொல்கிறேனே என்ற எண்ணத்தோடு தினமும் வாசித்தேன்.

அவர் போன பிறகு, அவருடைய அறிவித்தலை எழுதும் வேலையை நீ என்னிடம் விட்டாய். அது ஏன் அத்தனை நாள் எடுத்தது என்று அன்றைக்கு நான் உனக்குச் சொல்லவில்லை. "இத்தாலியைப் பிறப்பிடமாகவும், கனடா ஸ்காபரோவை வதிவிடமாகவும் கொண்ட" என்று எழுதியதும், அவர் கேட்கிறார் என்று தோன்றியது. அதற்குமேல் பேனா ஓடவில்லை. பெயர் வரிசையும் நீளமாக வரவில்லை. கணவர், மருமகன், அவ்வளவுதான். நான் அவருடைய தொழிலை நிரப்பிப் பார்த்தேன். சொல்லெடுத்துக் கொடுத்தவர், நடத்துநர், ஒஷாவா குழுவின் ஆசான். பத்திரிகைக்காரர் இடம் காணாது என்று அதை வெட்டிவிட்டார்.

ஐந்தாவதை இங்கே போட்டுவிடுகிறேன், மறந்தால் வீட்டில் இருக்க முடியாது. அம்மா எழுதச் சொன்னவை: குழம்புப் பாத்திரங்களைக் கழுவாவிட்டாலும் பரவாயில்லை, திருப்பிக் கொண்டுவா. தலைக்கு எண்ணெய் வை. சனிக்கிழமை வந்து சாப்பிடு. "சோறு இறங்காட்டில் புட்டு அவிக்கிறன் எண்டு எழுதுங்கோ" என்றார். எழுதிவிட்டேன்.

நான்காவது. இது ஐந்து நாளுக்கு முன் எழுதிய முதல் கடிதத்தில் உள்ளது, அப்படியே பிரதி பண்ணுகிறேன். காரணம் ஒன்று: எங்கள் வழக்கப்படி ஆட்டைத் திவசம் முடியும்வரை வீட்டில் கொண்டாட்டம் இல்லை, சபை ஏறுவதும் இல்லை. காரணம் இரண்டு: மல்வேர்னில் இருக்கும் என் தங்கை, உன் மாமி, கச்சேரிச் செய்தி கேட்டு உடனே போன் எடுத்தாள். "அண்ணை, எட்டு மாசத்திலை மேடையிலை ஏறி வாசிச்சாள் எண்டு நாளைக்குச் சனம் என்ன கதைக்கும்? நீங்கள்தான் சொல்லி நிப்பாட்டவேணும்" என்றாள். அவள் கெட்டவள் இல்லை. உன்மேல் உள்ள அக்கறையில்தான் சொல்கிறாள். பக்கத்திலிருந்த அம்மா போனைப் பறித்து, "மச்சாள், அங்கை எல்லாரும் கறுப்புச் சட்டைதான் போடுவினம். ஒருத்தரும் சிரிக்கமாட்டினம். எங்கடை செத்தவீட்டைவிட அமைதியா இருப்பினம். உதிலை எங்கை கொண்டாட்டம்?" என்று கேட்டார். தங்கை போனை வைத்துவிட்டாள். காரணம் மூன்று: நீ தலையை நிமிர்த்தும் ஒவ்வொரு முறையும் வெறும் பீடம் உனக்கு முன்னால் இருக்கும். பதினொரு வருடம் எந்தக் கையைப் பார்த்து வாசித்தாயோ அந்தக் கை அங்கே இருக்காது. அந்த மூன்றாவது காரணத்தை அசைக்க முடியாது என்று நினைத்தேன். முதல் இரண்டையும் நான் எழுதியது மூன்றாவதைச் சொல்ல வெட்கப்பட்டுத்தான்.

அந்தக் கடிதத்தை முடித்துத் தபாலுறையும் எடுத்து வைத்திருந்தேன். நேற்றுக் காலை உங்கள் குழுவின் முதல் வயலின்காரப் பெண் எங்கள் வீட்டுக்குப் போன் எடுத்து ஆங்கிலத்தில் கதைத்தார். நீ அவருடைய அழைப்புகளை எடுக்கவில்லையாம். உன்னைக் கரைச்சல்படுத்த விருப்பமில்லை, எப்படி இருக்கிறாய் என்று மட்டும் கேட்டார். நன்றி சொல்லி வைக்கப் பார்த்தேன். அப்போது எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. கணக்கு வாத்தியாரின் சந்தேகம்தான். நடத்துநர் இல்லாமல் எப்படித் தொடங்குவீர்கள் என்று கேட்டேன். மற்ற உருப்படிகளில் தான் மூச்செடுத்து வில்லை உயர்த்துவேன், எல்லோரும் அதைப் பார்த்து வருவார்கள் என்றார். "முதலாவதுக்கு மட்டும் அப்பிடி இல்லை. அது வியோலாக்கள் தனியாத் தொடங்கிறது. அதை ரெனாத்தோவும் ஒருநாளும் தொடக்கி வைக்கேல்லையே."

அவர் சொன்னது எதை என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. ஒரு ஒப்பெராவின் கடைசி அங்கத்துக்கு முன் வரும் இசை அது. ரெனாத்தோ அதை இங்கே நடத்திய மூன்று தடவையும் நான் போயிருக்கிறேன். மூன்று தடவையும் ஒன்றைக் கவனித்தேன். அவர் பீடத்தில் ஏறுவார், சபை அடங்கும், இரண்டு கையையும் கீழே இறக்கிவிட்டு நிற்பார். எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது. மறந்துவிட்டாரோ, சுகமில்லையோ, மேலிருந்து விசில் வரப்போகிறதோ என்று பயப்படுவேன். பிறகு எங்கிருந்தோ இசை தொடங்கும். இது பெரிய பிழை என்றுதான் நினைத்தேன். முதல்முறை பிழை பிடித்து வெட்கப்பட்டதால் இதை அவரிடமும் கேட்கவில்லை, உன்னிடமும் கேட்கவில்லை.

இதை அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவர் சொன்னார்: "முதல் ஒத்திகையிலேயே எங்களுக்குச் சொல்லிப்போட்டார். இந்த இடத்திலை கை காட்டினால் அது உடைஞ்சுபோகும், இது தர்ஷினியின்ரை, அவ தொடங்கட்டும், நான் மற்றவையைப் போலை காத்திருப்பன் எண்டு. வேறை ஆளை இருத்தலாம், நல்லா வாசிக்கிற பெடியன் இருக்கிறான். ஆனால் எவ்வளவு நேரம் பொறுக்கிறது எண்டு அவனுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது." இதற்குப் பிறகு அவர் உன்னை வரச்சொல்லி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அம்மாவின் சுகத்தை விசாரித்துவிட்டு வைத்தார்.

நான் மேசைக்குத் திரும்பி வந்து நான்காவதை வாசித்துப் பார்த்தேன். பிள்ளை, அது பிழை. காரணம் ஒன்றும் இரண்டும் பிழையோ சரியோ, அவை என்னுடைய காரணங்கள் அல்ல. இரவல் எடுத்தவை. என்னுடையது மூன்றாவதுதான், பிழையும் அதில்தான் இருக்கிறது. அந்த இசையில் நீ ஒருநாளும் அவருடைய கையைப் பார்த்துத் தொடங்கியவள் இல்லை. இது தெரியாமல் உன் கேள்விக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். நீ உடைந்துபோவாய் என்று எழுதினேன். உண்மையில் உடைந்துபோகப் பயந்தவன், பல்கனியில் இருந்து பார்க்கப்போகும் நான். எனக்கு என்ன நடந்தாலும் அம்மா பக்கத்தில் இருப்பார்.

நான்காவதை வெட்டிவிட்டுக் கடிதத்தைத் திரும்ப எழுதலாம் என்று பார்த்தேன். வெட்டவில்லை. என் கணக்கு எந்த இடத்தில் பிழைத்தது என்பதை நீயும் பார்க்கலாம். தங்கையிடம் நானே பேசுகிறேன், அம்மாவை விடாமல், நானே. வெள்ளிக்கிழமை வரையும் இருக்கவேண்டாம், இது கையில் கிடைத்த உடனே அந்தப் பெண்ணுக்குச் சொல்லு, வருகிறேன் என்று. அழுகை வந்தால் வரட்டும், உனக்காகக் காத்திருக்க அங்கே எல்லோருக்கும் தெரியும். போ பிள்ளை. போய் உன் கதிரையில் இரு. எவ்வளவு நேரம் பொறுக்கவேண்டும் என்பது உனக்குத்தான் தெரியும்.

அப்பா